எம்டன் குண்டு போட்ட அன்னிக்கு மதியம்

எங்க வீட்ல நான்தான் எம்டன். பாட்டி வச்ச பேரு. ஜாடி மேல கட்டியிருக்கற துணிய சத்தமில்லாம அவுத்து, ரெண்டு மாவடுவ எடுத்துட்டு, கட்டின மாதிரியே திரும்பக் கட்டி வச்சிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி வாசல்ல போய் உக்காந்துப்பேன். "சரியான எம்டன்டா நீ"ன்னு பாட்டி சொல்லும்போது அது திட்டா பாராட்டான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரிஞ்சதில்ல. அது ஒரு ஜெர்மன் கப்பலோட பேருன்னு எனக்குத் தெரிஞ்சதே ரொம்ப லேட்டா, ஹைகோர்ட் மதில்ல இருக்கற கல்வெட்ட ஒரு நாள் நின்னு படிச்சப்பதான்.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, விளக்கப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டேங்க்க குறிவச்சு நூத்துச் சொச்சம் குண்டு போட்டுட்டு வந்த வழியே போயிடுச்சு. இந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த கேப்டன் வான் முல்லர் பத்தி எழுதாத தமிழ் பத்திரிகையே இல்ல.

நான் சொல்ல வந்தது அவரப் பத்தி இல்ல. முதல் உலகப்போர் பத்தி எதையோ வாசிச்சிட்டிருந்தப்ப ஒரு தேதியப் பாத்து நிமிர்ந்து உக்காந்தேன், அதே 1914 செப்டம்பர் 22, அதே ஜெர்மன் கடற்படை, ஆனா இடம் மட்டும் வேற, ஹாலந்து கரைக்குப் பக்கத்துல இருக்கற வட கடல். அங்க விடிகாலை, நம்ம ஊர் கணக்குல மதியம் பன்னெண்டு மணி. எம்டன் இன்னும் மெட்ராஸ் கரைய நெருங்கவே இல்ல, அதுக்குள்ள இன்னொரு ஜெர்மன்காரர் ஒன்றரை மணி நேரத்துல மூணு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல மூழ்கடிச்சு முடிச்சிருந்தாரு. செத்தவங்க 1,459 பேர். அவர்கிட்ட இருந்தது முப்பது பேர் கூட இல்லாத ஒரு சின்ன சப்மரீன். அவர் பேரு ஓட்டோ வெடிகன். (பேர்லயே வெடி. நான் வச்சதில்ல, ஜெர்மன்ல அப்படித்தான் சொல்றாங்க.)

ஹெர்ஃபோர்டுன்னு கடல் வாடையே இல்லாத ஒரு உள்நாட்டு ஊர்ல பொறந்தவரு. அவரோட சப்மரீன் யு-9, 1910-ல வந்தது, 57 மீட்டர் நீளம். அந்தக் காலத்து யு-போட்டுன்னதும் டீசல் எஞ்சின்னு நினைப்போம், ஆனா இது ஓடினது மண்ணெண்ணெய்ல. ஆமா, நம்ம ரேஷன் கடை கிருஷ்ணாயில்தான். மேல மிதந்து போகும்போது எஞ்சினுக்கு ஒரு புகைபோக்கிய நிமித்தி வைக்கணும், அதுலேர்ந்து வெள்ளையா புகை கிளம்பும், ராத்திரில தீப்பொறி பறக்கும். எதிரி கண்ணுல படாம போறதுக்குன்னே கட்டின வண்டி, ஆனா பல மைல் தூரத்துலேர்ந்தே அதோட புகை தெரியும். முழுகணும்னா புகைபோக்கிய மடக்கி எஞ்சின நிறுத்திட்டு பேட்டரிக்கு மாறணும். பேட்டரி தீந்துடுச்சுன்னா மேல வந்தே ஆகணும். உள்ள தூங்கறவன் மூஞ்சில இரும்புத் தகடு வேர்த்து சொட்டு சொட்டா விழும். இதுக்கு நடுவுல சமையல், தூக்கம், கக்கூஸ் எல்லாம்.

போருக்கு முந்தி சப்மரீன்னா ஜெர்மன் கடற்படைலயே பெருசா யாரும் மதிக்கல, ஏதோ துறைமுகத்துக்குக் காவல் நிக்கற சாமான்னுதான் நினைச்சாங்க. வெடிகன் மட்டும் ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப ஒத்திகை பாத்திருக்காரு. ஒரு டார்பிடோவ (தண்ணிக்குள்ளயே பாஞ்சு போய் வெடிக்கற குண்டு) விட்ட பிறகு, தண்ணிக்குள்ள முழுகியிருக்கும்போதே குழாய்ல அடுத்த டார்பிடோவ ஏத்தறது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா டார்பிடோ ஒண்ணொண்ணும் நூத்துக்கணக்கான கிலோ, அத அந்த ஒடுக்கமான சந்துல சங்கிலி போட்டு நகத்தி உள்ள தள்ளணும், எடை முன்ன பின்ன மாறினா கப்பலே மூக்கு குத்திடும், இல்ல வால் இறங்கிடும். 1914 ஜூலை 16-ம் தேதி யு-9 இத வெற்றிகரமா செஞ்சு காட்டுச்சு, உலகத்துலயே முதல் தடவை. அதுக்கு ரெண்டே வாரத்துல போர். ஆகஸ்ட்லயே மனுஷன் கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு, அந்த மாசம் எத்தன பட்டாளக்காரனுங்க அவசர அவசரமா தாலி கட்டினானுங்களோ.

செப்டம்பர் 20 கிளம்பினாங்க. பெல்ஜியம் பக்கம் இறங்கற பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்களத் தாக்கணும்னு உத்தரவு. நடுவுல புயல் புடிச்சிக்கிச்சு, திசைகாட்டியும் மக்கர் பண்ணிடுச்சு, எங்கயோ போக வேண்டியவங்க வழி தவறி ஹாலந்து கரைகிட்ட போய் நிக்கறாங்க. அலை தாங்காம கடல் தரைலயே போய் உக்காந்து ராத்திரிய ஓட்டினாங்க. விடிஞ்சதும் மேல வந்து பாத்தா கடல் அமைதியா இருக்கு. தூரத்துல கப்பல் மாஸ்ட் தெரியுது. அவசரமா எஞ்சின நிறுத்தச் சொன்னாங்களாம், எதிரியோட பயத்துல இல்ல, தங்களோட புகையோட பயத்துல.

இனி அந்தப் பக்கம். அபூக்கிர், ஹோக், க்ரெஸின்னு மூணு க்ரூஸருங்க. ஒவ்வொண்ணும் 12,000 டன், கட்டி பதினாலு வருஷம் ஆகியிருக்கும், நிலக்கரிய தின்னே அழிக்கற பழைய பாய்லரு. ஆளுங்க பாதிக்கு மேல ரிசர்வ், அதாவது கடற்படைய விட்டுப் போய் குடும்பம் குட்டின்னு ஆனவங்களத் திரும்பக் கூப்ட்டு ஏத்தினது. கூடவே டார்ட்மவுத் கடற்படைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பதினஞ்சு வயசுப் பசங்கள மிட்ஷிப்மேன்னு, அதாவது பயிற்சி அதிகாரின்னு சொல்லி ஏத்தி வச்சிருந்தாங்க. பிரிட்டிஷ் கடற்படைக்குள்ளயே இந்தக் கூட்டத்துக்கு வச்ச பட்டப்பேரு என்னன்னா தூண்டில்ல குத்தி விட்ட உயிர்ப்புழு. கடற்படை மந்திரியா இருந்த சர்ச்சிலே 18-ம் தேதி இந்தக் கப்பல்கள் அந்த இடத்துல சுத்தக் கூடாதுன்னு எழுதி வச்சாரு. எழுதினதோட சரி. ஆபீஸ் ஃபைல் எந்த நாட்லயும் ஒரே வேகம்தான்.

காவலுக்கு வர வேண்டிய டெஸ்ட்ராயருங்க புயலால துறைமுகத்துக்குத் திரும்பிடுச்சு. படைக்குத் தலைமையா இருந்த அட்மிரல், நிலக்கரி ரொப்பவும் வயர்லெஸ் ரிப்பேருக்கும் தன் கப்பல எடுத்துட்டு கரைக்குப் போயிட்டாரு. பொறுப்பு அபூக்கிர் கேப்டன் ட்ரம்மண்ட் தலைல. மூணு கப்பலும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டாயிரம் கஜம் இடைவெளி விட்டு, 10 நாட் வேகத்துல, வளைஞ்சு நெளியாம நேர்க்கோடா போயிட்டிருக்கு. சப்மரீன் பயம் இருக்கற கடல்ல இப்படிப் போகக் கூடாதுன்னு அவங்களுக்கே உத்தரவு உண்டு. இப்பதான் புயலடிச்ச கடல்ல சப்மரீன் எங்க வரப்போகுதுன்னு ஒரு அசட்டை.

காலை 6.20. வெடிகன் ஐநூறு கஜத்துலேர்ந்து ஒரே ஒரு டார்பிடோவ அபூக்கிர் மேல விட்டாரு. பக்கவாட்டுல வாங்கிட்டு கப்பல் சாய ஆரம்பிச்சிடுச்சு. இங்கதான் ட்ரம்மண்ட் ஒரு முடிவு எடுக்கறாரு, என்னால அவர திட்டவும் முடியல திட்டாம இருக்கவும் முடியல. கண்ணி வெடில மோதிட்டோம்னு நினைச்சு மத்த ரெண்டு கப்பலையும் கிட்ட வரச் சொல்லி சிக்னல் காட்டிட்டாரு. அரை மணி நேரத்துல அபூக்கிர் கவுந்துடுச்சு.

ஹோக் கேப்டன் நிக்கல்சனுக்கு இது சப்மரீன் வேலைன்னு தோணிடுச்சு. க்ரெஸிக்கு பெரிஸ்கோப் (சப்மரீன் உள்ளேர்ந்து மேல எட்டிப் பாக்கற குழாய்) ஏதாவது தெரியுதான்னு பாருன்னு சிக்னலும் குடுத்தாரு. தெரிஞ்சும் போகல. தண்ணில நூத்துக்கணக்குல தலைங்க மிதக்குது, விட்டுட்டு எப்படிப் போவாரு. மேஜை, பெஞ்சு, பலகைன்னு மிதக்கற சாமான் எல்லாத்தையும் கடல்ல தூக்கிப் போடச் சொல்லிட்டு கிட்ட போனாரு. இந்த நேரம் யு-9 உள்ள அந்த ஜூலை மாச ஒத்திகையத்தான் நெசமாவே செஞ்சிட்டிருக்காங்க, காலியான குழாய்ல அடுத்த டார்பிடோ ஏறிட்டிருக்கு.

முன்னூறு கஜத்துலேர்ந்து ஹோக் மேல ரெண்டு டார்பிடோ. இத்தன கிட்டத்துல விட்டா தன் குண்டே தன்ன உலுக்கும். அதவிட மோசம், ரெண்டு டார்பிடோ எடை ஒரே நேரத்துல முன்பக்கம் குறைஞ்சதும் யு-9 மூக்கு ஜிவ்வுன்னு மேல எழும்பி தண்ணிக்கு வெளியவே வந்துடுச்சு. ஹோக் பீரங்கிக்காரனுங்க சாயற கப்பல்லேர்ந்தே சுட்டாங்க, படல. உள்ள இருந்தவங்க எல்லாரையும் முன்னுக்கு ஓடு, பின்னுக்கு ஓடுன்னு விரட்டி, மனுஷ எடைய வச்சே கப்பல சமன் பண்ணி முழுகினாங்க. இந்த மூக்கு எழும்பின விஷயத்த மட்டும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

ஹோக் பத்து நிமிஷத்துல கவுந்து 7.15-க்கு போயிடுச்சு. இப்ப மிச்சம் க்ரெஸி. அது தன்னோட படகையெல்லாம் ஏற்கனவே மத்தவங்களக் காப்பாத்த இறக்கிடுச்சு. அந்தக் கப்பலாவது ஓடியிருக்கலாம். ஓடல. யு-9 பேட்டரி கிட்டத்தட்ட தீந்துபோற நிலை. வெடிகன் திரும்பி பின் குழாய் ரெண்டையும் விட்டாரு, ஒண்ணு பட்டுது. பத்தலன்னு கடைசியா கையில இருந்த ஆறாவது டார்பிடோவையும் விட்டாரு. 7.55-க்கு க்ரெஸியும் இல்ல. வந்தது ஆறு டார்பிடோவோட, போனது கைய வீசிக்கிட்டு.

எனக்கு இதுல ஒரே ஒரு பையன்தான் மனசுல நிக்கறான். கிட் வைக்கம் மஸ்கிரேவ், 15 வயசு மிட்ஷிப்மேன். அபூக்கிர்ல இருந்தான், அது கவுறதுக்குள்ள குதிச்சு, கப்பலோட சேர்ந்து சுழல் உள்ள இழுக்காம இருக்க வெறியா நீந்தி ஹோக் கிட்ட போறான், ஏறப்போற நேரத்துல அதுக்கு டார்பிடோ. அங்கேர்ந்து நீந்தி க்ரெஸிக்குப் போய், மேல தூக்கி விட்டு, குளிருக்கு ஒரு கப் கோக்கோ குடுத்திருக்காங்க, குடிக்கறப்ப அதுக்கும் டார்பிடோ. திரும்ப கடல். ஒரு கட்டையப் புடிச்சிட்டு மிதந்தவன மயக்கமான நிலைல டச்சு மீனவங்க தூக்கினாங்க. காலை சாப்பாட்டு நேரத்துக்குள்ள மூணு கப்பல் முழுகப் பாத்தவன். சனி புடிச்சவன்னு சொல்றதா, ஆயுசு கெட்டின்னு சொல்றதா? இவன் அடுத்த உலகப்போர்லயும் கடற்படைல வேலை பாத்து, 1989 வரைக்கும் இருந்துட்டுதான் போனாரு. (இவன்னு ஆரம்பிச்சு இவருன்னு முடிக்கிறேன், கவனிச்சேன், அப்படியே விடறேன்.)

ஃப்ளோரா, டைட்டன்னு ரெண்டு டச்சு நீராவிக் கப்பலுங்க, அப்புறம் மீன்பிடி படகுங்க எல்லாம் சேர்ந்து 837 பேர தூக்குனாங்க. கண்ணி வெடி இருக்குமோ, சப்மரீன் இன்னும் கீழ இருக்குமோன்னு யாருக்கும் தெரியாது, சண்டைலயும் டச்சுக்காரங்க எந்தக் கட்சியும் இல்ல. வந்து தூக்குனாங்க.

இங்கிலாந்துல முதல்ல யாரும் ஒத்துக்கவே இல்ல. ஒத்த சப்மரீனால இது நடக்குமா, அஞ்சாறு சேர்ந்துதான் வந்திருக்கும்னாங்க. அதுக்கப்புறம் வந்த உத்தரவுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு: பக்கத்துக் கப்பல் அடிபட்டாலும் பெரிய கப்பல் நிக்கக் கூடாது, மத்தவன் முழுகினா முழுகட்டும், நீ போயிட்டே இரு. ராணுவக் கணக்குப்படி பாத்தா சரிதான். அன்னிக்கு செத்த 1,459 பேர்ல பெரும்பாலானவங்க செத்தது அவங்க கப்பல் காப்பாத்தப் போனதாலயோ, காப்பாத்த நின்னதாலயோதான். வெடிகன் திறமசாலி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அந்த ரெண்டாவது மூணாவது வெற்றிக்கு அவர் பெரிஸ்கோப்ல குறி வச்சது, படகு இறக்கிட்டு நின்ன கப்பல. போர் சட்டப்படி அது தப்பில்ல, போர்க்கப்பல் போர்க்கப்பல்தான். ஆனா "மாவீரன்"னு ஒரு வார்த்தைய டைப் பண்ணிட்டு நான் ரெண்டு தடவை அழிச்சேன்.

ஜெர்மனிக்கு அந்த யோசனையெல்லாம் இல்ல. வெடிகனுக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை, கூட இருந்த அத்தன பேருக்கும் ரெண்டாம் வகுப்பு. போஸ்ட் கார்டு, பாட்டு, தெருப் பேருன்னு ஊரே கொண்டாடுச்சு. இங்கதான் எனக்கு இன்னொரு தடவை தூக்கிவாரிப் போட்டுது. ஜெர்மன் சக்ரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் ஆளுங்களுக்கு மட்டும் இல்லாம கப்பலுக்கே இரும்புச் சிலுவை குடுத்தது மொத்தம் ரெண்டு கப்பலுக்குத்தான். ஒண்ணு யு-9. இன்னொண்ணு நம்ம எம்டன். ஒரே நாள்ல வட கடல்லயும் வங்காள விரிகுடாலயும் வேலைய காட்டின அதே ரெண்டு. எம்டன்ல பிழைச்சு ஊர் திரும்பினவங்க பின்னாடி தங்க குடும்பப் பேரோடயே எம்டன்னு சேர்த்துக்க அனுமதி வாங்கிட்டாங்க, மாவடு திருடினதுக்கே எனக்கு கெடைச்ச பேரு அவங்களுக்கு அரசாங்க உத்தரவுல கெடைச்சிருக்கு.

அக்டோபர் 15, ஸ்காட்லாந்து கரைப் பக்கம் வெடிகன் இன்னொரு பழைய க்ரூஸர் ஹாக்க அடிச்சாரு. 524 பேர் போனாங்க, நூறு பேர் கூட மிஞ்சல. டைட்டானிக்கோட அக்கா ஒலிம்பிக் இருக்கே, 1911-ல அத மோதி ஓட்டை போட்டதே இந்த ஹாக்தான், பழைய பஞ்சாயத்து. இதுக்கு வெடிகனுக்கு ஜெர்மனியோட பெரிய விருது, பூர் லெ மெரிட்டே குடுத்துட்டாங்க. சப்மரீன் கேப்டன்கள்ல அத வாங்கின முதல் ஆளு.

1915 பிப்ரவரில புதுசா யு-29 குடுத்தாங்க, இது டீசல், புகை தொல்லை இல்ல. மார்ச்ல இங்கிலாந்துக்குத் தென்மேற்கே சிலி தீவுகள் பக்கம் போய் நாலு சரக்குக் கப்பல மூழ்கடிச்சிட்டு, அயர்லாந்து ஸ்காட்லாந்தெல்லாம் சுத்திக்கிட்டு வீட்டுக்கு வர வழில, மார்ச் 18, ஸ்காட்லாந்து வடகோடில பென்ட்லண்ட் ஜலசந்தி. அங்க பாத்தா மொத்த பிரிட்டிஷ் பெரும்படையும் பயிற்சி பண்ணிட்டுப் போகுது. இப்படி ஒரு காட்சி எந்த சப்மரீன்காரனுக்கும் ரெண்டு தடவை கெடைக்காது. நெப்ட்யூன்னு ஒரு போர்க்கப்பல் மேல டார்பிடோ விட்டாரு. படல.

விட்ட கையோட யு-29 தண்ணிக்கு மேல எழும்பிடுச்சு. ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே கதை. ஹோக்கு முன்னாடி எழும்பினப்ப எதிர்ல சாயற கப்பல் இருந்துச்சு, ஆள முன்ன பின்ன ஓடவிட்டு சமாளிக்க நேரம் இருந்துச்சு. இந்தத் தடவை நேர் எதிர்ல இருந்தது ட்ரெட்நாட். 1906-ல அது கடல்ல இறங்கினப்ப உலகத்துல இருந்த மத்த எல்லா போர்க்கப்பலும் ஒரே நாள்ல பழசாயிடுச்சுன்னு சொல்வாங்களே, அந்த ட்ரெட்நாட்தான். பீரங்கியெல்லாம் தொடவே இல்ல. பெரிஸ்கோப்பப் பாத்து துரத்தி, மூக்காலயே ஏத்திட்டுப் போயிடுச்சு. யு-29 முன்பாகம் செங்குத்தா மேல எழும்பி நின்னுச்சு, பக்கத்துல 29-ன்னு எழுதியிருந்தத கப்பல்ல இருந்தவங்க தெளிவாப் படிச்சாங்க. அப்படியே இறங்கிடுச்சு. உள்ள இருந்த ஒருத்தர் கூட மிஞ்சல.

தாங்க மூழ்கடிச்சது வெடிகனத்தான்னு தெரிஞ்சும் பிரிட்டிஷ்காரங்க எப்படி அடிச்சோம்னு வாயத் திறக்கல. ஜெர்மனில ஆளாளுக்கு ஒரு கதை கட்டினாங்க, வேற நாட்டுக் கொடி கட்டின கப்பல் ஏமாத்தி அடிச்சிடுச்சுன்னு ஒரு பேச்சு ரொம்ப நாள் ஓடுச்சு. அவர் பேர் மட்டும் பெருசாயிட்டே போச்சு. 1935-ல ஹிட்லர் காலத்துல ஜெர்மனி திரும்ப சப்மரீன் படை ஆரம்பிச்சப்ப முதல் படைப்பிரிவுக்கு வெடிகன்னுதான் பேர் வச்சாங்க, அதுக்குத் தளபதி டோனிட்ஸ். அந்த மூணு க்ரூஸரும் இன்னும் ஹாலந்துக்கு வெளிய அடிக்கடல்லதான் கிடக்கு. 1954-ல பிரிட்டிஷ் அரசாங்கம் அதோட பழைய இரும்ப எடுக்கற உரிமைய வித்தது, யாருக்குன்னு நினைக்கிறீங்க, ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு.

ட்ரெட்நாட் கதை இன்னும் வேடிக்கை. பன்னெண்டு இன்ச் பீரங்கி பத்தோட அவ்வளவு காசு கொட்டிக் கட்டின கப்பல், 1916-ல ஜட்லண்ட்ல பெரிய சண்டை நடந்தப்ப ரிப்பேர்ல நின்னுட்டிருந்துச்சு. போர் முடியற வரைக்கும் அந்தப் பீரங்கியால எந்த எதிரிக் கப்பலையும் அடிக்கல. அது மூழ்கடிச்சது வெடிகன மட்டும்தான், அதுவும் முட்டி.